நீரில் விழுந்த நிலாவின் வாரிசுகள்

நடந்தவை இவை. வரிசை சரி. இடைவெளிகளைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியாது.

1. ஜப்பானின் ஒரு துறைமுக நகரத்தில் நாடகக் கொட்டகை நடத்திய சகோதரர்கள் இருவர் ஒரு கமெரா வாங்கினார்கள்.
2. கொட்டகை திரையரங்கானது. அதன் பின்புறமிருந்த அரிசிக் கிடங்கு ஸ்டூடியோவானது.
3. போர்க்காலத்தில், அரசு சொன்னபடி, அந்த ஸ்டூடியோ வேறு இரண்டு சிறிய ஸ்டூடியோக்களோடு சேர்க்கப்பட்டது.
4. போர் முடிந்ததும் பழைய பெயரோடு வெளியே வந்தது. நீரில் விழுந்த நிலாவைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டது.
5. சில காலம் வாரத்துக்கு ஒரு படம் எடுத்தது.
6. தொலைக்காட்சி வந்தது. திரையரங்குகள் சில பௌலிங் கூடங்களாக மாறின.
7. நிறுவனம் நொடித்து, இரண்டாகப் பிரிந்தது.
8. அதன் படங்களில் ஒரு பகுதி, ஒரு விழாவுக்காக மொன்றியலுக்கு வந்து, யாரும் திருப்பி அனுப்பாததால் இங்கேயே தங்கிவிட்டது.
9. நெடுங்காலம் கழித்து, அவை எவருடையவை என்று கண்டுபிடிப்பதற்கு என்னை வேலைக்கு எடுத்தார்கள்.
10. ஏழாவது விஷயத்தில் பாதியைத்தான் நான் பதிந்தேன்.

பத்தாவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்ற ஒன்பதும் இல்லாமல் அதைச் சொல்ல முடியவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திநாலு வயது. கணினித் துறையில் படித்து, தரவுத்தளம் அமைப்பதில் பயிற்சி முடித்திருந்தேன். டவுன்டவுனில் ஒரு சிறிய திரைப்படக் காப்பகம். அலுவலகம் நிலத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. காலையில் செயின்ட்-மிஷேலில் மெத்ரோ ரயிலுக்குள் இறங்கினால், இரண்டு தடவை பாதை மாறி, ஒரு தெருவை மட்டும் பனியில் கடந்து, திரும்பவும் நிலத்துக்குக் கீழே போய்விடுவேன். அந்தக் குளிர்காலத்தில் நான் பகல் வெளிச்சத்தைக் கண்டது பெரும்பாலும் அந்த ஒரு தெருவில்தான்.

வேலை எளிமையானது. படச்சுருள் இருக்கும் தகரப் பேணியைத் திறக்க வேண்டும். முதல் சுருளை எடுத்து, பார்வை மேசையில் அரை நிமிடம் ஓட்ட வேண்டும். தொடக்கத்தில் வரும் சின்னத்தையும் நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சுருளைத் திருப்பிச் சுற்றி மூடிவிடலாம். ஒரு படத்தையும் நான் முழுதாகப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தொடக்கங்கள்தான். கறுப்புத் தண்ணீர். நடுவில் வெள்ளை நிலா. எங்கிருந்தோ ஒரு துளி விழும். நிலா மூன்று வளையங்களாக உடைந்து, மெல்லத் திரும்பவும் ஒன்றாகும். அது ஒன்றாகும்போது நிறுவனத்தின் பெயர் எழுந்து வரும்.

நிலாவும் ஒரே மாதிரி இருக்கவில்லை. பழைய படங்களில் அது கையால் வரைந்தது. ஓரம் சற்று நசுங்கியிருக்கும். அடுத்த காலத்தில் உண்மையான தண்ணீர்த் தொட்டியில் விளக்கைப் பிடித்துப் படமெடுத்திருந்தார்கள். கடைசிப் படங்களில் துளி விழவே இல்லை. அசையாத ஒரு வட்டம் மட்டும். நிறுவனத்தில் ஆள் குறைந்துபோனதை அந்த வட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றும். மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, தெருவிளக்கு உருகிய பனியில் கிடப்பதைப் பார்த்தால், இது எந்தக் காலத்து நிலா என்று மனம் தானாகக் கணக்கெடுக்கும்.

அந்தப் பேணிகளுக்கு ஒரு நோய் இருந்தது. பழைய படச்சுருள் தனக்குள்ளே புளிக்கத் தொடங்கும். முதலில் வினாகிரி மணம் வரும். பிறகு சுருள் சுருங்கும். ஓரத்துளைகள் இயந்திரத்தின் பற்களோடு பொருந்தாமல் போகும். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் அதைப் பிரதி எடுக்க முடியாது. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க, சின்ன நீலக் காகிதத் துண்டொன்றைப் பேணிக்குள் வைத்து மூடுவோம். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் அவசரம். மஞ்சளானால் பெரும்பாலும் பிந்திவிட்டது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினால் அம்மா மூக்கைப் பொத்துவார்.

"என்ன பிள்ளை, உடுப்பெல்லாம் அச்சாறு மணக்குது? படம் பாக்கிற வேலை எண்டுதானே சொன்னனீ?"

"படத்திலதான் அம்மா அந்த மணம்."

"அப்ப நல்ல படமா எடுத்திருக்க மாட்டாங்கள்."

இனி அட்டவணை. காப்பகத்தின் தலைமை அலுவலர் கெபெக் பெண்மணி. "Bonjour" சொல்வதற்கு முன்பே கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிற வேகம் அவருக்கு. அவர் வைத்திருந்த விதி ஒன்றுதான்: உரிமையாளரின் அனுமதிக் கடிதம் இல்லாமல் எந்தப் பேணியும் பிரதி எடுக்க ஆய்வுகூடத்துக்குப் போகாது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் இன்றைய உரிமையாளர் யார் என்று தெரிய வேண்டும். நான் நிறுவனங்களுக்கென்று ஓர் அட்டவணை அமைத்தேன். பெயர், சின்னம், தொடங்கியது, முடிந்தது, வாரிசு, குறிப்பு. வாரிசுக் கட்டத்தில் அடுத்த நிறுவனத்தின் எண்ணை இட்டால், கணினி நிரல் தானாக அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போய் இன்றைய முகவரியைத் தரும்.

பக்கத்து மேசையில் தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் இருந்தார். பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டே, வாரத்தில் சில நாட்கள் ஆவணங்களை ஸ்கேன் செய்ய வருவார். அட்டவணையை அவரிடம் காட்டினேன்.

"சூப்பரா இருக்குங்க," என்றார். "ஒரு கம்பெனிக்கு ஒரே வாரிசு. கிளையே இல்ல. தென்னை மரம் மாதிரி நேரா மேல போகுது."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஜப்பானிய மொழியில் இருந்த காகிதங்களை வாசிப்பதற்கு ஒவ்வொரு வியாழனும் ஒரு பெண்மணி வருவார். இளம் வயதில் ஜப்பானிலிருந்து வந்து, இங்கே ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மதிய உணவைத் துணியில் முடிந்து கொண்டுவருவார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். நான் எதற்கும் எண் போடுவதைக் கண்டு அவருக்குச் சிரிப்பு.

"உங்கள் பட்டியலில் நான் எத்தனையாவது?"

"நீங்கள் வியாழக்கிழமை. அதற்கு வேறு பட்டியல்."

ஒரு வியாழன் நான் ஏழு பேணிகளை மேசையில் அடுக்கியிருந்தேன். ஏழும் ஒரே படத்தின் சுருள்கள்; மீன்சந்தை ஒன்றைப் பற்றிய கதை. கையால் வரைந்த நிலாக் காலத்தது. அவர் மூடியிலிருந்த தலைப்பை வாசித்தார். பிறகு கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.  அடுத்த வியாழன், துணி முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"என் அம்மா அந்த ஸ்டூடியோவில் உடை தைத்தார். ஒரு நாள் சந்தைக் காட்சிக்கு ஆள் போதவில்லை. தையல் அறையிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டு நடக்கச் சொன்னார்களாம். அம்மா ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடந்தாராம். படம் வந்தபோது எனக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டை விட்டு வெளியே விடவில்லை. பிறகு எங்கேயும் அந்தப் படம் ஓடவில்லை. வேறு பிரதி எங்குமே இல்லை என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன்."

"எந்தச் சுருளில் வரும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்க்கவில்லையே."

ஏழு பேணிகளிலும் நீலத் துண்டு வைத்தேன். மறுநாள் ஆறு நீலமாக இருந்தன. நான்காவது பேணியின் மூடி நசுங்கி, துருப்பிடித்திருந்தது. அதிலிருந்த துண்டு பச்சையாகியிருந்தது. அந்தப் பச்சை இன்றும் எனக்குத் தெளிவாக ஞாபகம், இளம் பச்சை. நேரம் இருக்கிறது என்று சொன்ன பச்சை.

நிறுவனத்தின் பிற்கால அறிவிப்பு ஒன்று எங்களிடம் இருந்தது. ஏழாவது விஷயத்தைச் சொல்லும் ஒற்றைத்தாள். அவர் வாசித்தார், நான் தட்டச்சு செய்தேன். முதல் வாக்கியம்: நிறுவனம் இனிமேல் இதே பெயரில், இதே முகவரியில், நிலத்தையும் கட்டடங்களையும் நிர்வகிக்கும். வாரிசுக் கட்டத்தில் அதன் எண்ணை இட்டேன். இரண்டாம் வாக்கியம்: எடுக்கப்பட்ட படங்களும் அவற்றைப் பராமரிக்கும் ஊழியர்களும், புதிதாகத் தொடங்கப்படும் இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படும். வாரிசுக் கட்டம் நிரம்பிவிட்டது. ஒன்றைத்தான் அது ஏற்கும். நான்தான் அப்படி அமைத்திருந்தேன். ஆகவே இரண்டாம் வாக்கியத்தைக் குறிப்பில் போட்டேன். குறிப்பை நிரல் வாசிக்காது. சில நாட்களில் நானும் அதை வாசிப்பதை விட்டுவிட்டேன்.

நிரல் தந்த முகவரிக்குக் கடிதம் போனது. ஆறு வாரம் கழித்து, சிவப்பு முத்திரையோடு மிக மரியாதையான பதில் வந்தது. தாங்கள் இப்போது வாகனத் தரிப்பிடங்களும் ஒரு பௌலிங் கூடமும் நடத்துவதாகவும், பழைய பெயரைத் தவிரத் திரைப்படம் சம்பந்தமாகத் தங்களிடம் எதுவும் இல்லை என்றும், எங்கள் முயற்சி வெற்றிபெற வாழ்த்துவதாகவும் எழுதியிருந்தார்கள். அந்தப் பெண்மணிதான் அதை வாசித்துச் சொன்னார். கடைசி வரியை வாசித்ததும் தாளை மடிப்பு மாறாமல் மடித்து என்னிடம் தந்தார்.

சங்கிலி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அட்டவணையில் "உரிமையாளர் இல்லை" என்று பதிந்தேன். உரிமையாளர் இல்லாத பேணிகள் பிரதி எடுக்கும் வரிசையின் கடைசிக்குப் போகும். ஏழும் போயின.

அதற்குப் பிறகும் அவர் ஒவ்வொரு வியாழனும் வந்தார். அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றக் காகிதங்களை வாசித்தார். சாப்பிட்டு முடிந்ததும் துணியை நான்காக மடித்துப் பையில் வைத்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது.

மாசி மாதம் ஒரு ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம். ஈஸ்டருக்குப் பிறகு அக்காவின் கலியாணம். யாழ்ப்பாணத்திலிருந்து மாமா, வீட்டு உறுதிப் பத்திரத்தின் வரைவைத் தபாலில் அனுப்பியிருந்தார். அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு. இனி அக்காவுக்குப் போகிறது. எங்களுக்குள் அது விவாதிக்கிற விஷயமே இல்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சோபாவில் காலை நீட்டியிருந்தார். டவுன்டவுன் உணவகம் ஒன்றின் சமையலறையில் ஆறு நாள் நிற்கிற கால்கள் அவை.

"வடிவாப் பாருங்கோ," என்றார் அப்பா. "என்ர பேரை ரெண்டு பெட்டையளுக்கும் குடுத்தன். பேருக்குப் பின்னால ஒண்டும் இல்லை. வீட்டை அம்மா குடுக்கிறா. எனக்கு மிஞ்சினது இந்தச் சோபா."

"சோபாவும் அவளுக்குத்தான், விரும்பினா," என்றார் அம்மா, தாளிலிருந்து கண் எடுக்காமல்.

"உந்தச் சோபா எனக்கு வேண்டாம்," என்றாள் அக்கா. "அதில ஸ்பிரிங் குத்துது."

"பாத்தியளே? பேர் மட்டும் வேணும்."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "அப்பா, ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ."

"என்னத்தை? சோபாவையோ?"

"இல்லை. பேரையும் வீட்டையும்."

"பேர் ஒரு பக்கத்தால வரும், வீடு மற்றப் பக்கத்தால வரும். இதென்ன புதுசே உனக்கு? வாசல்ல தபால்பெட்டியைப் போய்ப் பார்."

தபால்பெட்டியில் இரண்டு பெயர்கள் ஒட்டியிருந்தன. அம்மாவினது, அவருடைய அப்பாவின் பெயரோடு. எங்களது, எங்கள் அப்பாவின் பெயரோடு. கெபெக் சட்டம் பெண்ணின் பிறந்த பெயரை மாற்றாது என்பதால் அது அப்படியே இருந்தது. தினமும் அதைத் திறந்து கடிதம் எடுப்பவள் நான்தான்.

திங்கட்கிழமை கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்து, குறிப்பு என்ற கட்டத்தை வாசித்தேன். இரண்டாம் வாக்கியம் அங்கேயே இருந்தது. நான் தட்டியபடி, ஒரு காற்புள்ளிகூடப் பிசகாமல்.

மாணவருக்கு விளக்கினேன். பெயரும் நிலமும் ஒருவருக்கு, படங்கள் இன்னொருவருக்கு, எங்கள் ஊரில் பெயரும் வீடும் மாதிரி, என்று.

"ஒரு நிமிஷம். உங்க ஊர்ல வீடு பொண்ணுக்கா?"

"ஓம்."

"எங்க வீட்டுல அண்ணனுக்குத்தான். அவருக்கு அடுத்தும் எனக்கு வராது. நான் உங்க ஊர்ல பொண்ணாப் பொறந்திருக்கணும்ங்க." பிறகு திரையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தென்னை மரம்னு நான்தான் சொன்னேன். சாரிங்க."

"அமைத்தது நான்," என்றேன்.

வியாழன் வந்தது. அந்தப் பெண்மணி துணி முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: உரிமையாளர் இருக்கிறார், நான்தான் தவறான வாரிசைப் பதிந்தேன், மூன்று மாதத்துக்கு மேல் வீணாகிவிட்டது. அவர் முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.

"அந்த வாக்கியம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான்தான் வாசித்தேன்."

"பிறகு ஏன் கேட்கவில்லை?"

"நீங்கள் அதைத் தட்டச்சு செய்ததைப் பார்த்தேன். தட்டச்சு செய்தால் போதும் என்று நினைத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகவும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளில் என் வேலையைப் பற்றி யார் சொன்னதிலும் நான் அதிகம் நினைப்பது அந்த வாக்கியத்தைத்தான்.

இரண்டாவது நிறுவனத்தைத் தேடியது தனிப் பயணம். அது பெயர் மாற்றி, வீடியோ நாடா விற்கும் நிறுவனம் ஒன்றுக்குள் போய், அதுவும் மூடப்பட்டு, கடைசியில் நாட்காட்டி அச்சிடும் ஒரு நிறுவனத்தின் மாடியில் ஒற்றை அறையாக இருந்தது. கடிதத்தை அவரே ஜப்பானிய மொழியில் எழுதினார். ஒன்பதாம் நாள் தொலைநகலில் பதில் வந்தது. இந்தப் படம் அழிந்துவிட்டதென்று நினைத்திருந்தோம். தயவுசெய்து பிரதி எடுங்கள். எங்களுக்கும் ஒன்று அனுப்புங்கள். தாளின் மூலையில் சிறிய சின்னம். நிலா, மூன்று வளையங்கள். பெயரை இழந்தவர்கள் அதை மட்டும் வைத்திருந்தார்கள்.

அன்று பிற்பகலே ஏழு பேணிகளையும் திறந்தேன். ஆறில் துண்டு நீலமாகவே இருந்தது. நான்காவதில் மஞ்சள். அளவுகோலை வைத்துச் சுருளின் சுருக்கத்தை மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் ஆய்வுகூடம் ஏற்கும் எல்லைக்கு அப்பால்தான் நின்றது. முதல் துண்டு வைத்த கார்த்திகையில் அதே சுருள் எல்லைக்குள் இருந்தது. அந்த அளவையும் நான் பதிந்து வைத்திருந்தேன்.

வசந்தத்தில் ஆறு சுருள்களின் பிரதிகளும் வந்தன. ஒரு வியாழன், அறை விளக்கை அணைத்து, அந்தப் பெண்மணியும் மாணவரும் நானும் பார்த்தோம். நான் தொடக்கம் முதல் முடிவு வரை இருந்து பார்த்த முதல் படம் அது. நடுவில் ஒரு துண்டு இல்லாமல். மூன்றாம் சுருளின் முடிவில் ஒருவன் படகில் ஏறுகிறான். ஐந்தாம் சுருளின் தொடக்கத்தில் அவனுக்காக யாரோ அழுதுகொண்டிருக்கிறார்கள். சந்தை இரண்டு தடவை வந்தது. விடியற்காலைப் புகை, கூடைகள், பனிக்கட்டியில் மின்னும் மீன்கள். பாத்திரத்தோடு யாரும் குறுக்கே நடக்கவில்லை.

விளக்கைப் போட்டதும் பெண்மணி கேட்டார்: "இயந்திரத்தில் ஓட்ட முடியாது. கையால் விரித்துப் பார்க்க முடியாதா?"

தலைமை அலுவலரிடம் போய்க் கேட்டேன். கதவுப் பிடியில் கை வைத்தபடியே யோசித்தார். "மெதுவாக," என்றார். "மிகவும் மெதுவாக."

மூன்று வியாழக்கிழமைகள் எடுத்தன. வெளிச்ச மேசையில் ஒரு சாண் விரிப்பது, பூதக்கண்ணாடியால் பார்ப்பது, மெல்லச் சுற்றுவது. சுருள் அப்பளம்போல நொறுங்கப் பார்த்தது. அறை முழுக்கப் புளித்த காற்று, கண் எரியும். இருந்தும் அந்த மூன்று நாட்களை நினைத்தால் ஒரு நீண்ட பிற்பகல்தான் ஞாபகம் வருகிறது.  சிறு சிறு கட்டங்களுக்குள் ஆட்கள் அசையாமல் நின்று எங்கள் விரல்களுக்கிடையே போய்க்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வியாழன் அவர் கை நின்றது. சந்தை. இடது ஓரத்தில் ஒரு பெண், இடுப்பில் பாத்திரம். முகம் நகத்தின் நுனியளவும் இல்லை.

அந்தப் பகுதியை மாணவர் தாங்கியில் கமெராவைப் பொருத்தி ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். அறுபத்தொரு கட்டங்கள். அதற்கு மேல் சுருள் ஒட்டிக்கிடந்தது, பிரித்தால் கிழியும். அவற்றைக் கணினியில் வரிசைப்படுத்தி, எண் போட்டு, நொடிக்கு இருபத்திநாலு என்று ஓடவிட்டேன். இரண்டரை நொடி. ஒரு பெண் திரைச் சட்டத்துக்குள் வருகிறாள், நாலு அடி நடக்கிறாள், சட்டத்தின் நடுவை அடையுமுன் முடிந்துவிடுகிறது.

"இன்னொரு தடவை," என்றார்.

எத்தனை தடவை ஓட்டினேன் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அவர் திரையைத் தொடாமல் அதன் அருகே விரலைக் கொண்டுபோனார்.

"பாத்திரத்தை இடப்பக்கம் வைத்திருக்கிறார். வலது கையை எதற்கும் கொடுக்கமாட்டார். ஊசி பிடிக்கிற கை."

"அப்படியென்றால் அவர்தானா?"

"தையல் அறையில் எல்லாருமே அப்படித்தான் தூக்குவார்கள்," என்றார். பிறகு, "இன்னொரு தடவை," என்றார்.

இன்றைய நிலை இது. ஆறு சுருள்களின் பிரதிகளில் ஒரு தொகுதி எங்களிடமும் ஒரு தொகுதி நாட்காட்டி நிறுவனத்தின் மாடியிலும் இருக்கின்றன. நான்காவது சுருள் புதிய பேணியில், குளிரறையின் மேல்தட்டில் இருக்கிறது. அதை இனி எந்த இயந்திரத்திலும் ஓட்ட முடியாது. அதிலிருந்து எடுத்த அறுபத்தொரு படங்களும் ஒரு குறுவட்டில் அவருடைய வீட்டில் இருக்கின்றன. அட்டவணையில் வாரிசுக்கு இப்போது இரண்டு கட்டங்கள் உண்டு. குறிப்பில் எதுவும் எழுத நான் விடுவதில்லை. அவர் இன்னமும் வியாழக்கிழமைகளில் வருகிறார்.